பள்ளி ஆங்கிலத் தேர்வு: இலக்கணம், சொல், வாசிப்புப் பயிற்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அவற்றை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு ஆங்கிலத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். அதுவே பாதிப் பயிற்சி.

எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது? கிராமரா, வொக்காபுலரியா, பாசேஜா?

பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். எதையும் படிக்காமல், நேரம் வைத்து, முழுத் தாளையும் எழுதுங்கள். திருத்திய பிறகு ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். விதியே தெரியாது என்றால் 1. விதி தெரியும், ஆனால் அந்த இடத்தில் அதுதான் வேண்டும் என்று தோன்றவில்லை என்றால் 2. அவசரத்தில் விட்டது என்றால் 3.

1 என்ற தவறுக்குப் பாடத்தைப் படிக்க வேண்டும். 2 என்ற தவறு பாடத்தைப் படித்தால் போகாது, அதற்கு வேறு வகைப் பயிற்சி உண்டு (கீழே தனிக் கேள்வியாக வருகிறது). 3க்குச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். பலர் இந்த மூன்றையும் பிரிக்காமல் இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்கிறார்கள். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பெயர்ச்சொல் பாடம் நாலு முறை படிக்கப்படுகிறது, தெரியாத கடைசிப் பாடங்கள் தொடப்படாமலே கிடக்கின்றன.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்காரணும்?

40 நிமிடம் போதும், நாள் தவறாமல் இருந்தால். 15 நிமிடம் இலக்கணம், 10 நிமிடம் சொற்கள், 15 நிமிடம் வாசிப்பு. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் நான்கு மணி நேரம். அதே நான்கு மணி நேரத்தை விடுமுறை நாளில் ஒரே மூச்சில் உட்கார்ந்து முடித்தால் அதே பலன் வராது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்ட ஆய்வில், மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரே நாளுக்குள் நழுவிவிடுகிறது என்றும், நாட்களில் பரப்பித் திரும்பப் படித்தால் குறைந்த உழைப்பிலேயே நிலைக்கிறது என்றும் காட்டினார்.

12 டென்ஸையும் மனப்பாடம் பண்ணியே ஆகணுமா?

பெயர்களை ஒப்பிப்பதற்கு மதிப்பெண் இல்லை. வாக்கியத்தில் காலத்தைக் காட்டும் சொல்லைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. 'எவ்ரி டே' இருந்தால் 'கோஸ்'. 'நவ்' இருந்தால் 'இஸ் கோயிங்'. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'அகோ' இருந்தால் 'வென்ட்'. 'ஆல்ரெடி', 'யெட்', 'சின்ஸ்' இருந்தால் பெரும்பாலும் 'ஹாஸ் கான்'. நடந்து முடிந்த இரண்டு செயல்களில் முந்தியதைக் காட்ட 'ஹாட் கான்'.

தமிழில் யோசித்து எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள் தெளிவாகத் தெரிந்தவைதான். 'பத்து வருஷமா இங்கே இருக்கேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே 'ஐ ஆம் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதினால் தவறு. 'ஐ ஹாவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. அடுத்தது, முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹாவ்' கூடாது: 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு, 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' சரி.

நிபந்தனை சொல்லும் 'இஃப்' பகுதிக்குள் 'வில்' போடாதீர்கள்: 'இஃப் இட் ரெய்ன்ஸ், வி வில் ஸ்டே அட் ஹோம்'. காலம் காட்டும் 'வென்', 'அன்டில்', 'ஆஃப்டர்' பகுதிகளுக்கும் இதேதான். 'டிட்' வந்துவிட்டால் வினை மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும், 'டிட் நாட் வென்ட்' என்று ஒன்று கிடையாது. தெரிதல், பிடித்தல், நம்புதல், சொந்தமாயிருத்தல் போன்றவற்றைச் சொல்லும் வினைகளில் 'இங்' பொதுவாக ஒட்டாது. 'ஐ ஆம் நோயிங்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு 'ஐ நோ' என்று எழுதுங்கள்.

வெர்ப்ல 'எஸ்' எப்போ போடணும்னு குழம்புது. ஏதாவது வழி இருக்கா?

பெயர்ச்சொல்லில் 'எஸ்' பன்மையைக் காட்டும். நிகழ்கால வினையில் 'எஸ்' வந்தால் எழுவாய் ஒருமை. 'பாய்ஸ் ரன்', 'எ பாய் ரன்ஸ்'. இந்த அளவில் யாரும் தவறுவதில்லை. தேர்வில் எழுவாயையும் வினையையும் தள்ளித் தள்ளி வைப்பார்கள், இடையில் இருக்கும் பெயர்ச்சொல் கண்ணை ஏமாற்றும். 'ஒன் ஆஃப் த பாய்ஸ்' என்பதற்குப் பிறகு 'ஹாஸ்' வருமா 'ஹாவ்' வருமா என்று சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'பையன்களில் ஒருவன் வந்திருக்கிறான்'. 'வந்திருக்கிறார்கள்' என்று யாருக்கும் வராது. ஆகவே 'ஹாஸ்'.

தமிழ் கைகொடுக்காத இடங்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'எவ்ரிபடி', 'ஈச்' இரண்டும் பொருளில் பலரைக் குறித்தாலும் ஒருமை. 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' ஒருமை. 'எ நம்பர் ஆஃப்' என்றால் பன்மை வினை, 'த நம்பர் ஆஃப்' என்றால் ஒருமை வினை. 'நைதர் - நார்' வந்தால் வினைக்கு அருகில் இருக்கும் எழுவாயைப் பாருங்கள், 'ஆஸ் வெல் ஆஸ்' வந்தால் முதலில் இருப்பதைப் பாருங்கள்.

எ, அன், த: இதுல எதை எங்கே போடறது? எங்கே போடவே கூடாது?

முதல் இரண்டுக்கும் எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் 'அம்ப்ரெல்லா'வுக்கு 'அன்'. அதே எழுத்தில் தொடங்கும் 'யுனிவர்சிட்டி'க்கு 'எ'. 'ஆனஸ்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தான 'ஹெச்' ஒலிப்பதில்லை, அதனால் 'அன் ஆனஸ்ட் மேன்'. அடுத்து வரும் சொல்லின் ஒலிதான் கணக்கு: 'அன் ஆப்பிள்', ஆனால் 'எ ரெட் ஆப்பிள்'.

'த' பாதி தமிழிலேயே இருக்கிறது. முதல் முறை 'ஒரு நாய்', அடுத்த முறை 'அந்த நாய்'. ஆனால் 'அந்த சூரியன்' என்று நாம் சொல்வதில்லை, ஆங்கிலத்தில் 'த சன்' என்றே எழுத வேண்டும். ஆறு, கடல் பெயர்களுக்கும், 'பெஸ்ட்', 'டாலஸ்ட்' போன்ற உச்ச வடிவங்களுக்கும் 'த' வரும். விளையாட்டுகளின் பெயருக்கு முன்னும், படிக்கப் போகிறோம் என்ற பொருளில் 'கோ டு ஸ்கூல்' என்னும்போதும் எதுவும் வராது. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றுக்கு 'எ', 'அன்' வராது, கடைசியில் பன்மை 'எஸ்' சேராது.

பிரிப்போசிஷனுக்கு ரூல் உண்டா, இல்லை மனப்பாடம்தானா?

நேரத்துக்கு விதி உண்டு. மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. மற்றபடி, வினையோடும் பெயரடையோடும் சேர்ந்து வரும் பிரிப்போசிஷனுக்கு விதி தேடுவது வீண் வேலை. 'குட் அட்', 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'டிபென்ட் ஆன்', 'மேரீட் டு' என்று ஜோடியாகவே ஒரே சொல்லைப் போல மனதில் ஏற்றுங்கள்.

தவறு எங்கே வரும் என்பதைத் தமிழ் வேற்றுமை உருபே முன்கூட்டிச் சொல்லிவிடும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று கை எழுதும், ஆனால் 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும். 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தான்' என்பதால் 'ரீச்ட் டு' வரும், அதிலும் 'டு' கூடாது. 'அவன் மேல் கோபம்' என்பது 'ஆங்ரி ஆன்' ஆகிவிடும், 'ஆங்ரி வித்' என்பதே சரி. இப்படி உங்கள் கையில் வரும் ஜோடிகளை ஒரு பக்கத்தில் சேர்த்தால் முப்பதுக்குள் அடங்கிவிடும்.

ஆக்டிவ் வாய்ஸை பாசிவா மாத்தும்போது நடுவுல இருக்கிற வெர்ப் தப்பாயிடுது.

செயப்படுபொருளை முன்னால் கொண்டுவந்து, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுதுவது வரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். இடையில் வரும் 'பி', 'பீயிங்', 'பீன்' மூன்றில்தான் மதிப்பெண் போகிறது. மூல வாக்கியத்தில் 'இஸ் ரைட்டிங்', 'வாஸ் ரைட்டிங்' போலத் தொடர்வினை இருந்தால் 'பீயிங்'. 'ஹாவ்', 'ஹாஸ்', 'ஹாட்' இருந்தால் 'பீன்'. 'வில்', 'கேன்', 'மஸ்ட்' போன்றவை இருந்தால் 'பி'. இவை எதுவுமே இல்லாவிட்டால் 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' மட்டும். 'ஷி இஸ் ரைட்டிங் எ லெட்டர்' என்பது 'எ லெட்டர் இஸ் பீயிங் ரிட்டன் பை ஹெர்' ஆகும்.

செய்தவர் 'சம்படி' என்றிருந்தால் 'பை சம்படி'யை விட்டுவிடலாம். 'ஹி ஸ்லெப்ட்' போலச் செயப்படுபொருள் இல்லாத வாக்கியத்துக்குப் பாசிவ் கிடையாது. மாற்றச் சொல்லி வாக்கியம் கொடுத்தால் 'யாரை, எதை' என்று கேட்டுச் செயப்படுபொருளைத் தேடுங்கள்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்ல எதை முதல்ல மாத்தணும்?

வரிசை தவறினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். முதலில் வாக்கியத்தின் வகை: செய்தியா, கேள்வியா, கட்டளையா. செய்தி என்றால் 'தட்'. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி என்றால் 'இஃப்' அல்லது 'வெதர்'. 'வேர்', 'வொய்' போன்ற கேள்விச்சொல் இருந்தால் அதுவே இணைக்கும். கட்டளை என்றால் 'டு'. பிறகு 'ஐ', 'யூ' முதலியவை யாரைக் குறிக்கின்றன என்று பார்த்து மாற்றுங்கள். மூன்றாவதாகக் காலத்தை ஒரு படி பின்னால் தள்ளுங்கள். கடைசியில் 'டுமாரோ'வை 'த நெக்ஸ்ட் டே' ஆக்குவது போன்றவை.

கேள்வி வாக்கியத்தில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். மாற்றிய பிறகு அது கேள்வி இல்லை, ஆகவே எழுவாய் முன்னால், வினை பின்னால்: 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்'. 'வேர் டிட் ஐ லிவ்' என்று எழுதினாலும், கடைசியில் கேள்விக்குறி வைத்தாலும் தவறு. 'டோல்ட்' வந்தால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது போன்ற என்றும் மாறாத உண்மைக்குக் காலத்தை மாற்ற வேண்டியதில்லை.

கொஸ்டின் டேக்ல எது பிடிபடாம போகுது?

நேர்மறை வாக்கியத்துக்கு எதிர்மறை டேக் (கடைசியில் ஒட்டும் சிறு கேள்வி), எதிர்மறைக்கு நேர்மறை. இது தெரிந்ததுதான். 'ஹார்ட்லி', 'செல்டம்', 'நெவர்', 'ஃபியூ', 'லிட்டில்' ஆகியவை 'நாட்' இல்லாமலே எதிர்மறை. 'எ ஃபியூ' நேர்மறை. 'ஐ ஆம்' என்றால் 'ஆரன்ட் ஐ', 'லெட் அஸ்' என்றால் 'ஷல் வி'. இவ்வளவுதான்.

எல்லா ரூல்ஸும் தெரியும். எக்சர்சைஸ்ல எல்லாம் சரியா வருது. எக்ஸாம்ல மட்டும் தப்பாகுது. ஏன்?

முதல் பதிலில் 2 என்று குறி போட்ட தவறு இதுதான். இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வியும் இதுதான். 'பாசிவ் வாய்ஸ்' என்று தலைப்புப் போட்ட பயிற்சியில் இருபது வாக்கியமும் பாசிவ்தான். எந்த விதி வேண்டும் என்ற முடிவைத் தலைப்பே எடுத்துவிடுகிறது, மாணவர் பூர்த்தி மட்டும் செய்கிறார். தேர்வில், முக்கியமாகப் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில், தலைப்பு இருக்காது. எந்த விதி என்று கண்டுபிடிக்கும் திறனை அவர் ஒருநாளும் பயிற்சி செய்திருக்க மாட்டார்.

ஆகவே ஒரு பாடத்தைக் கற்ற முதல் நாள் மட்டும் தலைப்போடு பத்து வாக்கியம் செய்யுங்கள். மறுநாளிலிருந்து கலந்து செய்யுங்கள்: நாலைந்து பாடங்களிலிருந்து மும்மூன்று வாக்கியங்களை ஒரு தாளில் வரிசை கலைத்து எழுதி, விடை எழுதுமுன் ஒவ்வொன்றுக்கும் அது எந்த விதி என்று ஓரத்தில் குறியுங்கள். ஆரம்பத்தில் மதிப்பெண் குறையும். அது பின்னடைவு இல்லை, தேர்வில் தெரிய வேண்டிய ஓட்டை வீட்டிலேயே தெரிகிறது.

தவறுகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள். எழுதிய தவறான வாக்கியம், சரியான வாக்கியம், ஏன் தவறு என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி. அந்த மூன்றாவது வரி இல்லாவிட்டால் அது வெறும் நகல்.

தினமும் எத்தனை வார்த்தை படிக்கலாம்? டிக்ஷனரியை வரிசையா படிக்கலாமா?

ஐந்து முதல் ஏழு. பாடப்புத்தகத்திலும் வாசிப்புப் பகுதியிலும் நீங்களே சந்தித்த சொற்களாக இருக்கட்டும். அகராதியை வரிசையாகப் படித்தால் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும், எந்த வாக்கியத்திலும் பார்க்காததால் பயன்பாடும் தெரியாது.

சின்ன அட்டையில் ஒரு பக்கம் அந்தச் சொல்லை விட்டுவிட்ட வாக்கியம், மறுபக்கம் சொல், தமிழ்ப் பொருள், எதிர்ச்சொல், அதே குடும்பத்துச் சொற்கள்: 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்'. முதல் நாள், 3ஆம் நாள், 7, 15, 30 என்று எடுத்துப் பாருங்கள். மறுபக்கத்தைத் திருப்புமுன் விடையை எழுதிவிட வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிகே இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள்தான் முந்தினார்கள். படித்த உடனே எல்லாம் தெரிவது போலத் தோன்றுவதை நம்பாதீர்கள்.

அர்த்தம் தெரியும், ஆனா சினானிம், ஆன்டானிம் தப்பாகுது.

தெரிந்த அர்த்தம் வேறு, அந்த வாக்கியத்தில் இருக்கும் அர்த்தம் வேறாக இருக்கலாம். 'கிரேவ்' என்றதும் கல்லறை நினைவுக்கு வரும். 'எ கிரேவ் மிஸ்டேக்' என்ற இடத்தில் 'சீரியஸ்' என்று பொருள். விடையை அந்தச் சொல்லின் இடத்தில் வைத்து முழு வாக்கியத்தையும் படியுங்கள், பொருளும் வடிவமும் பொருந்த வேண்டும். 'ரிலக்டன்ட்லி' கேட்டால் 'அன்வில்லிங்லி'தான் விடை, 'அன்வில்லிங்' இல்லை.

எதிர்ச்சொல்லுக்கு முன்னொட்டு பெரிய உதவி. 'பி', 'எம்' எழுத்துகளுக்கு முன் 'இம்': 'இம்பாசிபிள்'. 'எல்' முன் 'இல்': 'இல்லீகல்'. 'ஆர்' முன் 'இர்': 'இர்ரெகுலர்'. ஆனால் 'அன்பாப்புலர்', 'அன்ரிலையபிள்' என்பவையும் இருப்பதால் இது வழிகாட்டிதான், சட்டமில்லை. 'இன்வேல்யுபிள்' என்பதற்கு மதிப்பில்லாதது என்று எழுதாதீர்கள். விலைமதிக்க முடியாதது என்று அதற்குப் பொருள்.

பாசேஜ்ல தெரியாத வார்த்தை வந்தா அங்கேயே நின்னுடறேன்.

நிற்காதீர்கள், அடிக்கோடிட்டு அந்த வாக்கியத்தையும் அடுத்த வாக்கியத்தையும் படித்து முடியுங்கள். சாவி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். 'பட்', 'அன்லைக்', 'தோ' இருந்தால் எதிர்ப்பொருள்: 'அன்லைக் ஹிஸ் ஃப்ரூகல் பிரதர், ஹி ஸ்பென்ட் மனி ஃப்ரீலி' என்ற வாக்கியத்தில் 'ஃப்ரூகல்' தெரியாதவருக்கும் சகோதரர் சிக்கனக்காரர் என்று புரிந்துவிடும். 'சச் ஆஸ்' இருந்தால் எடுத்துக்காட்டிலிருந்து பொருள் வரும். ஊகித்த பொருளைத் தமிழில் அந்த இடத்தில் பொருத்திப் பாருங்கள்.

வீட்டில் வாசிக்கும் பகுதியையும் அளந்து தேர்ந்தெடுங்கள். மொழி கற்றல் ஆய்வாளர்கள் ஹூ, நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையை நன்றாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிது. 250 சொல் பகுதியில் ஐந்தாறு புதுச் சொல் என்றால் சரியான அளவு. இருபது என்றால் வேறு பகுதியை எடுங்கள்.

முதல்ல பாசேஜ் படிக்கணுமா, கேள்விகளைப் படிக்கணுமா?

கேள்விகளை. ஆனால் தேர்ந்தெடுக்கத் தந்திருக்கும் விடைகளைப் படிக்காதீர்கள், அவற்றில் தவறானவையும் மனதில் தங்கிவிடும். ஐந்து கேள்வி உள்ள 250 சொல் பகுதிக்கு: கேள்விகளுக்கு 1 நிமிடம், பகுதியை முழுதாகப் படிக்க 3 நிமிடம், ஒவ்வொரு விடைக்கும் 2 நிமிடம். மொத்தம் 14. செய்தி கேட்கும் கேள்விகள் பொதுவாகப் பகுதியின் வரிசையிலேயே வரும். தலைப்புக் கொடுக்கச் சொல்வதைக் கடைசியில் எழுதுங்கள்.

பாசேஜ்ல இருக்கிற வரியை அப்படியே எழுதினா மார்க் போடுவாங்களா?

வரி கேள்விக்குப் பொருந்தினால் கிடைக்கும், பெரும்பாலும் பொருந்தாது. பகுதியில் ஒரு சிறுவன் சொல்வதாக 'ஐ ஹாட் மிஸ்ட் த லாஸ்ட் பஸ், ஸோ ஐ வாக்ட் ஹோம் இன் த டார்க்' என்று இருக்கிறது. கேள்வி 'வொய் டிட் த பாய் வாக் ஹோம்?' வரியை நகலெடுத்தால் 'ஐ' தவறு, இருட்டு கேட்கப்படவே இல்லை. கேள்வியில் உள்ள சொற்களை எடுத்தே தொடங்குங்கள், 'டிட்' போவதால் வினையைக் கடந்தகாலமாக்குங்கள்: 'த பாய் வாக்ட் ஹோம் பிகாஸ் ஹி ஹாட் மிஸ்ட் த லாஸ்ட் பஸ்'.

சில கேள்விக்குப் பதில் பாசேஜ்லயே இல்லையே, அதை எப்படி எழுதுறது?

நேரடியாக இருக்காது, ஆதாரம் இருக்கும். மேலே பார்த்த வரியில் 'நேரம் என்ன?' என்று கேட்டால் கடைசிப் பேருந்து, இருட்டு இரண்டையும் வைத்து இரவு என்று எழுதலாம். 'சிறுவன் பயந்தானா?' என்று கேட்டால் அந்த வரியை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இருட்டில் நடந்தால் நமக்குப் பயமாக இருக்கும் என்பது நம் அனுபவம், உரையின் ஆதாரம் இல்லை. எந்த விடையை எழுதினாலும் இந்தச் சொல்லிலிருந்து எடுத்தேன் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

சரி, தவறு கேள்விகளிலும் இதே சோதனைதான். 'ஆல்', 'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'நெவர்' இருக்கும் கூற்றை இரண்டாம் முறை படியுங்கள். உரையில் 'மெனி' என்று இருந்ததைக் கூற்றில் 'ஆல்' ஆக்கியிருப்பார்கள்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. பிள்ளைக்கு எப்படி உதவுறது?

நிறைய உதவலாம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பொருளைச் சொல்லி ஆங்கிலச் சொல்லைக் கேளுங்கள், எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள். வாசித்த பகுதியைத் தமிழில் மூன்று வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் புரியவில்லை என்றே பொருள், மறுபடி படிக்கட்டும். தவறு நோட்டில் 'ஏன்' என்ற வரி எழுதப்பட்டிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். விடை சரியா என்பதைப் புத்தகம் சொல்லும்.

எழுதி முடிச்சு பத்து நிமிஷம் இருக்கு. எதைச் சரிபார்க்கிறது?

முழுத் தாளையும் மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. ஒரு சுற்றுக்கு ஒரே விஷயம். முதல் சுற்றில் வினைகளை மட்டும்: எழுவாயோடு பொருந்துகிறதா, காலம் சரியா. இரண்டாவதில் பெயர்ச்சொற்களை மட்டும்: முன்னால் 'எ', 'அன்', 'த' வேண்டுமா, பன்மை 'எஸ்' விட்டதா. மூன்றாவதில் பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி, கேள்வி எண்.

விடையை மாற்றத் தோன்றினால், காரணமான விதியை ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். வெறும் சந்தேகம் என்றால் முதலில் எழுதியது இருக்கட்டும். நேரம் போதாவிட்டால் முதல் சுற்றை மட்டுமாவது முடியுங்கள்.